சேற்றுப்புண்: எந்த மருந்து, எந்த வைத்தியம், எந்தப் பூட்ஸ்?

அக்டோபர், நவம்பரில் மழை பிடித்துக்கொண்டால் மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் யாருக்கும் கால் காய்வதில்லை. செம்பனையில் குலை வெட்டுபவர், மிச்சமிருக்கும் பால்மரத்தில் விடியுமுன் இறங்குபவர், தாமானிலிருந்து (வீடமைப்புப் பகுதியிலிருந்து) மோட்டாரில் கிளம்பித் தொழிற்சாலையில் இரும்பு முனைச் சப்பாத்தோடு நிற்பவர், 12 மணி நேரம் காவல் வேலை பார்ப்பவர் என எல்லோருக்கும் அரிப்பு ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது: சுண்டுவிரலுக்கும் அதற்கு அடுத்த விரலுக்கும் நடுவில். தோல் வெளுத்து ஊறும், உரியும், பிறகு வெடிக்கும். ராத்திரி சப்பாத்தைக் கழற்றியதும் சொறியாமல் இருக்க முடியாது.

என்ன செய்யலாம் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். பாட்டி மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போடச் சொல்வார். பக்கத்து வீட்டு மலாய் மாக்சிக் (அம்மா வயதுப் பெண்), கெலெங்காங் என்ற சீமை அகத்தி இலையைக் கசக்கித் தேய்க்கச் சொல்வார். பார்மசியில் ‘கூத்து ஆயேர்’ (சேற்றுப்புண்ணுக்கு மலாய்ப் பெயர்) கிரீம் என்று கேட்டால் மூன்று நான்கு ட்யூபை எடுத்து வைப்பார்கள். கூட வேலை செய்பவர் தன் பையிலிருந்தே ஒன்றை நீட்டி, “இதப் போடுண்ணே, ரெண்டே நாள்ல நின்னுடும்” என்பார். இவற்றில் எதை, யார், எப்போது எடுக்கலாம் என்று ஒப்பிட்டுப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விரலிடுக்கில் மட்டும் இருக்கும் சாதாரணச் சேற்றுப்புண்ணுக்கு டெர்பினாஃபின் கிரீமும் இரண்டாவது ஜோடி பூட்ஸும் வாங்குங்கள். கையில் காசு குறைவாக இருந்தால் கிரீமில் விலை குறைந்ததை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பூட்ஸில் போடுங்கள். இனிப்புநீர் (நீரிழிவு) இருப்பவர் எதையும் தானாக வாங்கிப் பூசிப் பார்க்காமல் நேராகக் கிளினிக்குப் போகவேண்டும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது கீழே.

சப்பாத்துக்குள் நடப்பது என்ன

சேற்றுப்புண்ணுக்குச் சேறு காரணமில்லை. டெர்மட்டோஃபைட் என்று மருத்துவர்கள் சொல்லும் பூஞ்சைக் கூட்டம்தான் காரணம். பெரும்பாலும் ட்ரைக்கோஃபைட்டன் ரூப்ரம், அடுத்தபடியாக ட்ரைக்கோஃபைட்டன் இன்டர்டிஜிட்டேல். தோலின் மேலடுக்கிலும் நகத்திலும் முடியிலும் உள்ள கெரட்டின் என்ற புரதம்தான் இவற்றுக்குத் தீனி. சதைக்குள் இறங்காமல் மேல்தோலின் செத்த அடுக்கிலேயே குடியிருக்கும். உதிர்ந்த தோல்துகளில் ஒட்டிக்கொண்டு குளியலறைத் தரையிலும் துண்டிலும் சப்பாத்துக்குள்ளும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மிதித்தவர் எல்லோருக்கும் வந்துவிடுவதில்லை. கால் நனைந்து, ஊறி, மேல்தோல் இளகிப்போனவருக்குத்தான் வருகிறது.

ட்ரைக்கோஃபைட்டன் ரூப்ரத்தின் பூர்வீகம் நம் பக்கம்தான் என்று தோல் மருத்துவ வரலாற்றில் சொல்கிறார்கள். தென்கிழக்காசியா, மேற்கு ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியாவின் வடபகுதி ஆகிய இடங்களில் வெறுங்காலோடு நடந்த மக்களின் உடம்பில் அது படையாக இருந்ததாம். காலில் பெரிதாக வரவில்லை. காலனி ஆட்சிக்காரர்களும் சிப்பாய்களும் மூடிய சப்பாத்தோடு இந்தச் சூட்டுக்கும் ஈரத்துக்கும் வந்தபோது அவர்கள் காலில் அது இடம் பிடித்தது. அவர்களோடு கப்பலேறி, உலகப் போர்க்காலங்களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவியது. இன்று உலகம் முழுக்கச் சேற்றுப்புண்ணுக்கு முதல் காரணம் இந்த ஒரு பூஞ்சைதான்.

இதை நீட்டிச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்த நோயின் வேர் சப்பாத்துக்குள் தேங்கும் வியர்வையில் இருக்கிறது. ஆனால் தோட்டத்தில் வேலை செய்பவரிடம் “பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிடுங்கள்” என்று யாரும் சொல்லிவிட முடியாது. செம்பனை மட்டையின் முள் சிலிப்பரைத் துளைக்கும். எலியைத் தேடி நாகம் வரும். அதே எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் லெப்டோஸ்பைரோசிஸ் காய்ச்சலின் கிருமி இருக்கும். வெடித்த தோல் அதற்கு நல்ல வழி. ஆக, சேற்றுப்புண் இருக்கும் காலுக்குப் பூட்ஸ் இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது. அந்தப் பூட்ஸே புண்ணையும் வளர்க்கிறது. வெளிநாட்டுப் பக்கங்களில் “காற்றாடும் செருப்பு அணியுங்கள்” என்று எழுதியிருக்கும் ஆலோசனை நம் ஆட்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் உதவும்.

அது சேற்றுப்புண்தானா?

காசு செலவழிக்குமுன் ஒரு நிமிடம் வெளிச்சத்தில் காலைப் பாருங்கள். விரலிடுக்கில் வெள்ளையாக ஊறி உரிவது சேற்றுப்புண்ணின் வழக்கமான முகம். உள்ளங்கால் முழுக்கத் தடித்து, மாவு தூவியதுபோல் செதில் செதிலாக, ஓரம்வரை ஏறியிருந்தால் அதுவும் இதே பூஞ்சைதான். பலர் அதை வெறும் வறட்சி என்று நினைத்து வருஷக்கணக்கில் எண்ணெய் தடவுகிறார்கள். மூன்றாவது வகையில் பாதத்தின் உள்வளைவில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் வரும்.

மற்றவையும் உண்டு. உள்ளங்காலில் ஊசியால் குத்தியதுபோல் குட்டிக் குட்டிக் குழிகள், தாங்கமுடியாத நாற்றம், ஆனால் அரிப்பு அதிகமில்லை என்றால் அது பாக்டீரியாவின் வேலை. நாள் முழுக்கப் பூட்ஸ் போடுபவர்களுக்கு அடிக்கடி வருவது; பூஞ்சைக் கிரீம் மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான், அதற்கு ஆன்டிபயாட்டிக் பூச்சு வேண்டும். விரலிடுக்கு சுத்தமாக இருந்து, பாதத்தின் மேல்புறம் இரண்டு காலிலும் ஒரே மாதிரி சிவந்து அரித்தால் ரப்பரோ பசையோ ஒத்துக்கொள்ளவில்லை என்று சந்தேகப்படலாம். குழப்பமாக இருந்தால் செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் கரைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். சாதாரணச் சோதனைதான், வலியும் இல்லை.

மூன்று பூச்சுகள்

டெர்பினாஃபின் 1 விழுக்காடு, க்ளோட்ரிமசோல் 1 விழுக்காடு (அல்லது அதன் உறவான மைக்கோனசோல் 2 விழுக்காடு), பிறகு பழைய விட்ஃபீல்ட் களிம்பு. நம் ஊர்க்காரர் முன் இருக்கும் உண்மையான தேர்வு இந்த மூன்றுக்குள்தான்.

டெர்பினாஃபின் பூஞ்சையைக் கொல்லும். பூஞ்சை செல்லின் சவ்வைக் கட்டுவதற்கு வேண்டிய எர்கோஸ்டெரால் உண்டாகாமல் ஆரம்பத்திலேயே தடுத்துவிடுகிறது. பாதியில் நின்ற ஸ்குவாலீன் என்ற பொருள் பூஞ்சைக்குள்ளேயே சேர்ந்து அதைக் கொல்கிறது. விரலிடுக்குக்கு ஒரு வாரம், உள்ளங்கால் அல்லது பாத ஓரம் என்றால் இரண்டு வாரம். ட்யூபோடு வரும் தாளில் போட்டிருப்பதுபோல் நாளுக்கு ஒன்றோ இரண்டோ தடவை பூசினால் போதும். நிறுத்திய பிறகும் மருந்து மேல்தோலில் சில நாள் தங்கி வேலை செய்யும். விலைதான் கொஞ்சம் கூடுதல்.

க்ளோட்ரிமசோலும் மைக்கோனசோலும் பூச்சில் இருக்கும் அளவில் பெரும்பாலும் பூஞ்சையின் வளர்ச்சியை நிறுத்திவைப்பவை. மிச்ச வேலையைத் தோல் தானே உதிர்ந்து புதிதாவதற்கு விட்டுவிட வேண்டும். அதனால் நாளுக்கு இரண்டு மூன்று தடவை, ஏறக்குறைய நாலு வாரம் பூசவேண்டும். புண் ஆறியதுபோல் தெரிந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் விடக்கூடாது. ட்யூப் விலை குறைவு, எல்லாப் பார்மசியிலும் கிடைக்கும். கேண்டிடா என்ற ஈஸ்டும் சேர்ந்திருந்தால் அதையும் அடக்கும். அந்த ஒரு விஷயத்தில் இது டெர்பினாஃபினை விட மேல்.

கால் பூஞ்சைப் பூச்சுகளைப் பற்றிய பல சோதனைகளை 2007-இல் காக்ரேன் தொகுப்பாய்வு ஒன்றாக வைத்துப் பார்த்தது. இரண்டு வகையுமே நன்றாக வேலை செய்கின்றன, டெர்பினாஃபின் வகை கொஞ்சம் முன்னால் நிற்கிறது என்பதே அங்கே கிடைத்த முடிவு. ஆய்வில் வித்தியாசம் கொஞ்சம்தான். தோட்டத்தில் அது பெரிதாகிவிடும் என்பது என் எண்ணம். விடியற்காலை நாலரைக்கு எழுந்து ஓடுபவர், மத்தியானம் பூட்ஸைக் கழற்ற நேரமில்லாதவர், நாலு வாரம் விடாமல் நாளுக்கு மூன்று தடவை பூசமாட்டார். பத்தாவது நாள் அரிப்பு நின்றதும் ட்யூப் அலமாரிக்குப் போய்விடும். அடுத்த மழையில் புண் திரும்பி வரும். குளித்துவிட்டுப் படுக்குமுன் பூசி ஒரு வாரத்தில் முடிக்கக்கூடிய மருந்தை அவர் முடித்துவிடுவார். முடிக்க முடிகிற மருந்தே நல்ல மருந்து என்ற கணக்கில்தான் டெர்பினாஃபினுக்கு என் ஓட்டு. நேரத்துக்குப் பூசும் பழக்கம் உள்ளவர், வீட்டில் நாலைந்து பேருக்குச் சேர்த்து வாங்குபவர் க்ளோட்ரிமசோலை எடுத்தால் எந்தக் குறையும் இல்லை.

விட்ஃபீல்ட் களிம்பு லண்டனில் தோல் மருத்துவராக இருந்த ஆர்தர் விட்ஃபீல்டின் பெயரால் நூறு வருஷத்துக்கும் மேலாக இருப்பது. பென்சாயிக் அமிலம் 6 விழுக்காடு, சாலிசிலிக் அமிலம் 3 விழுக்காடு. முதலாவது பூஞ்சையை அடக்கும், இரண்டாவது தடித்த தோலை உரித்தெடுக்கும். மிக மலிவு. முன்பு உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருந்தது. உள்ளங்கால் தடித்துச் செதிலாக இருப்பவருக்கு இது நல்லது. வெடித்து ஈரம் கசியும் விரலிடுக்கில் போட்டால் எரிந்து துடிக்கவைக்கும், அங்கே வேண்டாம்.

எதைப் பூசினாலும் முறை ஒன்றுதான். காலைக் கழுவி, ஒவ்வொரு விரலிடுக்கையும் தனித்தனியே துடைத்து, காயவிட்டு, மெல்லிசாகப் பூசவேண்டும். புண் தெரியும் இடத்தோடு நிறுத்தாமல் சுற்றிலும் இரண்டு சென்டிமீட்டர் தாண்டிப் பூசுங்கள். ஒரு காலில்தான் தெரிகிறது என்றாலும் மற்றக் காலையும் விடாதீர்கள். ஈரத்தின் மேல் அப்பிய கிரீம் ஈரத்தை மூடி வைக்கும், அவ்வளவுதான்.

அந்த ‘ரெண்டு நாள்’ ட்யூப்

நண்பர் பையிலிருந்து நீட்டும் ட்யூபைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்லவேண்டியிருக்கிறது. இரண்டு நாளில் அரிப்பு நிற்கிறது என்றால் பெரும்பாலும் அதில் ஸ்டீராய்டு இருக்கிறது. பெட்டாமெத்தசோன் போன்ற பெயரைப் பெட்டியில் பாருங்கள். ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக் மூன்றையும் கலந்த பூச்சுகள் உண்டு. சிவப்பும் அரிப்பும் உடனே அடங்கும், ஏனென்றால் தோலின் எதிர்ப்பையே அது அடக்கிவிடுகிறது. எதிர்ப்பு அடங்கியதும் பூஞ்சை சத்தமில்லாமல் பரவும். பூசுவதை நிறுத்தினால் முன்னைவிட மோசமாக வரும். மறுபடி பூசினால் அடங்கும். இப்படியே மாதங்கள் ஓடும். அதற்குள் புண் வடிவம் மாறி, மருத்துவரே பார்த்ததும் அடையாளம் காண முடியாத நிலைக்குப் போய்விடும். இதற்கு மருத்துவத்தில் தனிப் பெயரே இருக்கிறது, டினியா இன்காக்னிட்டோ. தோல் மெலிந்து கோடு விழுவது வேறு.

மருத்துவர் பார்த்து, காரணம் தெரிந்து, சில நாளைக்கு எழுதிக்கொடுத்தால் அது வேறு விஷயம். கைமாற்றாக வந்த ட்யூபை வாங்கிப் பூசாதீர்கள்.

பசார் மாலத்திலும் (இரவுச் சந்தையிலும்) இணையத்திலும் விற்கும் பெயர் தெரியாத டப்பாக் களிம்புகளும் இதே பயத்துக்குரியவை. மலேசியாவில் பதிவான மருந்துப் பெட்டியில் ‘மால்’ (MAL) என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இருக்கும். தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத்தளத்தில் அந்த எண்ணைத் தட்டிப் பார்க்கலாம். அறிவிக்காமல் ஸ்டீராய்டு கலந்த பூச்சுப் பொருள்களை அந்த நிறுவனம் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்துத் தடை செய்துவருகிறது. “முழுக்க மூலிகை” என்று எழுதியிருக்கும் களிம்பு இரண்டு நாளில் அற்புதம் செய்தால் அங்கேதான் அதிகம் சந்தேகப்பட வேண்டும்.

கைவைத்தியத்தில் எது தேறும்

பாட்டி சொன்னது எல்லாம் வீண் என்று ஒதுக்க எனக்கு மனசில்லை. டிரஸர் (தோட்டத்து மருத்துவ உதவியாளர்) ஒருவர்தான் தோட்டம் முழுக்கப் பார்த்த காலத்தில் மக்கள் கையில் இருந்தது இலையும் மஞ்சளும்தான். ஆனால் எல்லாம் ஒரே தரமில்லை.

கெலெங்காங்கைத்தான் முதலில் வைப்பேன். தமிழில் சீமை அகத்தி, வண்டுகொல்லி என்பார்கள். மஞ்சள் மெழுகுவத்திபோல் பூ நிமிர்ந்து நிற்கும், ஆற்றோரத்திலும் தோட்டப் பாதையோரத்திலும் வளரும். படைக்கு இதன் இலையைத் தேய்ப்பது மலாய் வைத்தியத்திலும் நம் வைத்தியத்திலும் பழைய வழக்கம். இலையில் கிரைசோஃபானிக் அமிலம் இருக்கிறது, ஆய்வுக்கூடத்தில் பூஞ்சையை அடக்கியும் காட்டியிருக்கிறது. சிக்கல் அளவில் இருக்கிறது. ஒரு செடியின் இலைக்கும் இன்னொன்றின் இலைக்கும் வீரியம் மாறும், ஒரு வாரம் போடுவதா ஒரு மாதமா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. வெடிக்காத தோலில், பார்மசிக்குப் போகும்வரை தேய்க்கலாம். அதையே நம்பி உட்காரவேண்டாம்.

மஞ்சளும் வேப்பிலையும் அரைத்த விழுது ஆய்வுக்கூடத்தில் நல்ல பெயர் வாங்கியிருக்கிறது, காலில் அதே அளவு நிரூபணம் இல்லை. ஈர விழுதை விரலிடுக்கில் அடைத்துத் துணி சுற்றி ராத்திரி முழுக்க விடுவது ஊறலைக் கூட்டும். டீ ட்ரீ எண்ணெய்க்கு ஓரளவு சான்று உண்டு: 25, 50 விழுக்காட்டுக் கரைசல்கள் ஒரு சோதனையில் வெற்று மருந்தைவிட நன்றாக வேலை செய்தன, 10 விழுக்காடு அறிகுறியை மட்டும் குறைத்தது. சிலருக்குத் தோல் வெந்துவிடுகிறது, விலையும் டெர்பினாஃபினுக்கு ஒன்றும் குறைந்ததில்லை. பிறகு ஏன் அதை வாங்கவேண்டும்? தேங்காய் எண்ணெயை விரலிடுக்கில் தடவாதீர்கள், ஈரத்தை அடைத்து வைக்கும். பச்சைப் பூண்டை நசுக்கிக் கட்டுவது வேண்டவே வேண்டாம், தீப்புண்ணைப்போல் கொப்புளிக்கும். டிரஸர் காலத்து ஊதா மருந்து (ஜென்ஷன் வயலட்) ஈஸ்டுக்கும் சில பாக்டீரியாவுக்கும் பரவாயில்லை, இந்தப் பூஞ்சைக்கு நம்பத்தக்கதல்ல.

கசிந்து வடியும் புண்ணுக்குப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்த தண்ணீரில் காலை வைக்கச் சொல்வது மட்டும் இன்றும் மருத்துவர்கள் சொல்லும் வழி. பத்தாயிரத்தில் ஒரு பங்கு, அதாவது வெளிர் ரோஜா நிறம் வந்தால் போதும். கருஞ்சிவப்பானால் தோலைச் சுட்டுவிடும். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்கவேண்டிய பொருள் அது.

கிளினிக் யாருக்கு

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குச் சாதாரண வெளிநோயாளிக் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்). மருந்தும் அதிலேயே அடக்கம். ஆக, செலவு என்று பார்த்தால் இதுதான் எல்லாவற்றிலும் மலிவு. விலை நேரமாகத்தான் போகிறது: அரைநாள் வேலை, நாள் சம்பளக்காரருக்கு அரைநாள் கூலி. அதனால்தான் விரலிடுக்குப் புண்ணுக்கு முதலில் பார்மசி என்று சொன்னேன். பார்மசிஸ்ட் இருக்கும் நேரம் பார்த்துப் போய்க் காலைக் காட்டிக் கேளுங்கள், அவருக்குக் காசு கொடுக்கவேண்டியதில்லை.

ஆனால் சிலருக்குக் கிளினிக் தவிர வேறு தேர்வு கிடையாது. இனிப்புநீர் உள்ளவர்கள் அதில் முதலாவது. 2019-இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில் இந்நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இந்தியர்களிடையே அது 30 விழுக்காட்டைத் தாண்டியது. நம் குடும்பங்களில் மூன்று பெரியவர்கள் இருந்தால் ஒருவருக்கு என்ற கணக்கு. அந்த ஒருவருக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், வெடிப்பு வலிக்காது, பார்க்கவும் மாட்டார். வெடித்த விரலிடுக்கின் வழியாக பாக்டீரியா உள்ளே போனால் காலில் செல்லுலைட்டிஸ் வரும்: கணுக்காலிலிருந்து மேலே சிவந்து, வீங்கி, சூடேறி, காய்ச்சல் அடிக்கும். கால் செல்லுலைட்டிஸுக்கு விரலிடுக்குச் சேற்றுப்புண் தெரிந்த ஒரு காரணி, இனிப்புநீர் இல்லாதவருக்கும்கூட. அந்தச் சிவப்பைக் கண்டால் காலை வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும். அப்பாவோ அம்மாவோ “சின்னப் புண்தானே, விடுப்பா” என்றாலும் விடாதீர்கள். வாரம் ஒருநாள் அவர்கள் காலைப் பிள்ளைகள் பார்ப்பது நல்ல வழக்கம்.

நகம் மஞ்சளாகித் தடித்து நொறுங்கினாலும் கிளினிக்தான். நகத்துக்குள் பூஞ்சை இருக்கும்வரை தோலை எத்தனை தடவை ஆற்றினாலும் அங்கிருந்து திரும்ப இறங்கும். அதற்கு டெர்பினாஃபின் மாத்திரை, நாளுக்கு 250 மில்லிகிராம், கால் நகம் என்றால் ஏறக்குறைய 12 வாரம் கொடுப்பார்கள். கல்லீரலைப் பார்க்க இரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். உள்ளங்கால் தடித்த வகையிலும் பூச்சு இறங்காமல் போனால் மாத்திரை தேவைப்படலாம். கர்ப்பிணிகள், ஒழுங்காகப் பூசியும் ஆறாதவர்கள், பச்சை நிறத்தில் கசிந்து நாற்றமடிப்பவர்கள் ஆகியோரும் போகவேண்டும். சிக்கலானால் கிளினிக்கிலிருந்தே ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு எழுதிக்கொடுப்பார்கள்.

பூட்ஸ், காலுறை, பவுடர்

மருந்து முடிந்ததும் கால் திரும்பப் போவது அதே பூட்ஸுக்குள். ரப்பர் பூட்ஸ் வெளித் தண்ணீரை உள்ளே விடாது, உள் வியர்வையை வெளியேயும் விடாது. சாயங்காலம் கழற்றி வாசலில் வைத்தால் மறுநாள் விடியலில் உள்ளே கைவிட்டுப் பாருங்கள், துணி ஈரமாகவே இருக்கும். நம் காற்றில் ஈரப்பதம் ராத்திரியில் குறைவதே இல்லை. அதனால்தான் இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போடுவதைத் தடுப்பு வழிகளில் முதலாவதாக வைக்கிறேன். ஒன்று காலில் இருக்கும்போது மற்றது குறைந்தது ஒருநாள் முழுக்கக் காய்கிறது. உள்பாய் கழற்ற வருமானால் கழற்றித் தனியே வையுங்கள். பழைய பேப்பரைச் சுருட்டி உள்ளே திணித்து, நனைந்ததும் எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தால் இன்னும் சீக்கிரம் காயும். காற்றாடியின் முன்னே வைக்கலாம். அடுப்பருகே வேண்டாம், ரப்பர் வெடித்துவிடும்.

இரண்டாவதாகக் காலுறை. பருத்தியா நைலானா என்று கேட்பார்கள். பருத்தி வியர்வையை உறிஞ்சும், ஆனால் நனைந்தபின் நனைந்ததாகவே கிடக்கும். விளையாட்டுக்காரர்கள் போடும், வியர்வையை வெளியே கடத்தும் செயற்கை நூல் காலுறை காலை உலர்வாக வைக்கும். சாதாரண மெல்லிய நைலான் இரண்டிலும் சேராது, அதைத் தவிர்க்கலாம். ஆனால் துணியைவிட முக்கியம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மாற்றுவது. பையில் இன்னொரு ஜோடி ஸ்டோக்கின் வைத்துக்கொண்டு, சாப்பிடும் அந்த நேரமாவது காலை வெளியே விட்டு, துடைத்து, புதிதாகப் போட்டுக்கொண்டால் போதும்.

பவுடரை மூன்றாவதாகத்தான் சொல்வேன். வாசனைப் பவுடர் கொஞ்சம் ஈரத்தை வாங்கிக்கொள்ளும், பூஞ்சையை ஒன்றும் செய்யாது. டோல்னாஃப்டேட் அல்லது மைக்கோனசோல் கலந்த பூஞ்சைப் பவுடர் திரும்ப வராமல் தடுக்க உதவும். காய்ந்த காலிலும் காலுறைக்குள்ளும் தூவவேண்டும். ஈர விரலிடுக்கில் கொட்டினால் களியாகி உட்கார்ந்துகொள்ளும். ஏற்கெனவே இருக்கும் புண்ணைப் பவுடரால் மட்டும் ஆற்ற நினைக்கவேண்டாம்.

வீட்டில் ஒருவருக்கு இருந்தால் எல்லோர் காலையும் பாருங்கள். கால் துடைக்கத் தனித் துண்டு வேண்டும். காலுறையைப் பச்சைத் தண்ணீரில் அலசினால் பூஞ்சை சாகாது; 60 டிகிரிச் சூட்டில் துவைக்கவேண்டும் என்பது கணக்கு. அந்தச் சூடு தராத மெஷின் என்றால் கொதித்த தண்ணீரை வாளியில் ஊற்றி ஊறவைத்துத் துவைத்து வெயிலில் போடலாம். குளியலறைத் தரையை வாரம் ஒருமுறை குளோராக்ஸ் (பிளீச்) கலந்த தண்ணீரால் தேய்த்துவிடுங்கள். கோயிலில் கால் கழுவிவிட்டு ஈரத்தோடு நடப்பது நம் வழக்கம், அதை விடச் சொல்லமாட்டேன். வெளியே வந்து சிலிப்பர் மாட்டுமுன் விரலிடுக்கைத் துடையுங்கள். இடுப்பில் படை இருப்பவர் உள்ளாடைக்கு முன் காலுறையைப் போட்டுக்கொண்டால் காலிலிருந்து பூஞ்சை மேலே ஏறாது. பள்ளிப் பிள்ளைகள் விஷயத்தில் ஒன்று: 2019 முதல் வெள்ளைச் சப்பாத்து கருப்பாக மாறத் தொடங்கியது. வெள்ளையாக இருந்தபோது வாரந்தோறும் துவைத்துக் காயவைத்தோம். கருப்பில் அழுக்குத் தெரியாததால் மாதக்கணக்கில் விட்டுவிடுகிறோம். இடைநிலைப் பள்ளி வயதில்தான் இந்தப் புண் அதிகம் தலைகாட்டும்.

இரண்டாவது ஜோடிக்குக் காசு எங்கிருந்து என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 26-ஆவது பிரிவின்படி, அந்தச் சட்டத்துக்காக முதலாளி தரும் எந்தப் பொருளுக்கும் தொழிலாளியிடம் காசு வாங்கக்கூடாது. பாதுகாப்புப் பூட்ஸும் அதில் அடங்கும். இரண்டு ஜோடி தரவேண்டும் என்று சட்டம் எண்ணிச் சொல்லவில்லை. ஆனால் மழைக்காலத்துக்கு முன், செப்டம்பரிலேயே, நாலைந்து பேர் சேர்ந்து மண்டோரிடமோ (மேற்பார்வையாளரிடமோ) தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் தோட்டக் கமிட்டியிடமோ இதைக் கேட்கலாம். கால் வெடித்துச் செல்லுலைட்டிஸோடு ஒருவர் ஒரு வாரம் படுத்தால் தோட்டத்துக்கு ஆகும் நஷ்டம் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸின் விலையைவிட அதிகம். அந்தக் கணக்கை அவர்கள் முன் வைத்தே கேளுங்கள். விடுதியில் தங்கியிருக்கும் வங்காளதேச, இந்தோனேசியத் தொழிலாளர்களையும் அந்தக் கோரிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே குளியலறைத் தரையைத்தான் எல்லோரும் மிதிக்கிறார்கள்.